பன்னிரண்டில் ஒரு பங்கு வீடு

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தால் அதில் செய்வதற்கு மனிதனுக்கு ஏதாவது வேண்டும். சிலர் தூங்குகிறார்கள். சிலர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அவர்களைத் தூங்கவிடாமல் செய்கிறார்கள். நான் கையால் ஏதாவது செய்துகொண்டிருப்பவன். என்னால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் இந்த நாற்பத்தொன்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதச் சொன்னது என் மகள். எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரி விடுதியிலிருந்து இன்று காலைதான் லீவுக்கு வந்தாள். "நடந்தது நடந்தபடி எழுதுங்கப்பா. அம்மா படிக்கணும், கண் டாக்டர் படிக்கணும், உங்க சங்கத்துச் செயலாளர் படிக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மூவருக்கும் என் வணக்கம். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற ஆளாக இருந்தால் அறுத்த துண்டுகளையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் தேதி போட்டு வைத்திருப்பேனா?

முதலில் என் பொழுதுபோக்குகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் புல்லாங்குழல் வாசித்தேன். மாடி வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "பாம்பு ஏதாவது வந்துடப் போகுது சார்" என்று பணிவாகச் சொன்னார். விட்டுவிட்டேன். அடுத்தது எண்ணெய் வண்ணம். என் மனைவியை வரைந்தேன். அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க பெரியப்பா மாதிரியே இருக்கு" என்றாள். பெரியப்பா வந்தபோது அவருக்கே கொடுத்துவிட்டோம், அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். பிறகு சோப்பில் சிலை செதுக்கினேன். என் தலையை நானே செதுக்கி மாடத்தில் வைத்திருந்தேன். கடையில் சோப்பு கிடைக்காத ஒரு வாரத்தில் குடும்பமே அதைத் தேய்த்துக் குளித்து என் மூக்கைக் கரைத்தது. அப்போதும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கதை அடிக்காதீங்கப்பா. விஷயத்துக்கு வாங்க."

வருகிறேன். கடைசியாக நான் எடுத்துக்கொண்டது சின்ன வீடு. இப்படி எழுதினால் ஊரில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் குட்டி வீடு என்றே சொல்கிறேன். நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டை அப்படியே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்வது. ஓர் அடி அங்கே ஓர் அங்குலம். இரண்டு வருடம் உழைத்தேன். நாற்காலிகளைத் தீக்குச்சியால் செய்தேன். எங்கள் துடைப்பத்திலிருந்தே நான்கு ஈர்க்குச்சிகளை உருவி, பிளந்து, குட்டித் துடைப்பம் கட்டினேன். சுவர்க் கடிகாரத்துக்கு என் சட்டைப் பொத்தான். மொத்தம் நானூற்றுப் பதினெட்டு பொருள்கள். எல்லாமே பசை போட்டு ஒட்டியவை. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வந்துவிடும்.

எங்கள் ஊரில் குட்டிப்பொருள் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஆண்டுக்கொரு கண்காட்சி. வீட்டைச் செய்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கண்காட்சிக்கு முன்னால் சங்கச் செயலாளர் இரும்பு டேப்போடு வீட்டுக்கே வருவார். சீட்டுக் குலுக்கி ஐந்து இடங்களை எடுத்து, நிஜத்தையும் குட்டியையும் அளந்து பார்ப்பார். சாமான்களுக்கு உயரம், அறைகளுக்கு நீளம். இம்மி பிசகினாலும் அந்த இடத்துக்கு மதிப்பெண் கிடையாது. இருபது வருடத்தில் ஐந்துக்கு ஐந்து யாரும் வாங்கியதில்லை.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தையற்காரி. இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவள் கடை. கெட்டிக்காரி என்று நான் சொல்வது பெருமைக்காக இல்லை. படியேறி வருகிறவரைப் பார்த்து, அவர் கடைசிப் படிக்கு வருவதற்குள் தோள் பதினேழு, கை இருபத்துமூன்றரை என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு டேப் வைத்து அளப்பது வாடிக்கையாளரின் மனத் திருப்திக்கு. ஊரில் பாதிப் பேர் உடம்பில் அவள் கண் பட்ட துணிதான் கிடக்கிறது.

அவள் ஒருநாள் பழைய துணி டேப் ஒன்றைக் குப்பைக் கூடையில் போட்டாள். போடும்போது, "இழுத்துப் போச்சுங்க இது. இத வெச்சு அளந்தா குண்டா இருக்கறவங்க மட்டுந்தான் சந்தோஷப்படுவாங்க" என்றாள். நான் அப்போது தீக்குச்சிகளை அறுத்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் டேப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். குப்பைக்குப் போவதை எடுத்துப் பயன்படுத்துவது நல்ல பழக்கம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். வீடு முழுவதையும் நான் அந்த டேப்பால்தான் அளந்தேன், குட்டிப் பொருள்களை மட்டும் அச்சகத்து இரும்பு அளவுகோலால்.

செயலாளர் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் ஓர் இரும்பு டேப் வாங்கினேன், ஒத்திகை பார்ப்பதற்கு. சாப்பாட்டு நாற்காலியைத் தரையிலிருந்து முதுகின் உச்சி வரை அளந்தேன். முப்பத்தேழரை அங்குலம். என் குட்டி நாற்காலி மூன்று அங்குலம், அதாவது நிஜத்தில் முப்பத்தாறு. ஒன்றரை அங்குலம் உதைத்தது. கட்டில் இருபத்தைந்து, குட்டிக் கட்டில் கணக்குப்படி இருபத்துநான்கு. பீரோ எழுபத்தைந்து, குட்டியில் எழுபத்திரண்டு. இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துணியின் அறுபது, இரும்பின் அறுபத்திரண்டரையில் போய் நின்றது.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அந்த நாற்காலி அப்போது நல்ல உயரமாக இருந்தது. இரண்டு வருட உழைப்பு. நானூற்றுப் பதினெட்டு பொருள்கள்.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். இருபத்திரண்டு வருட அனுபவம். என் வேலை என்னவென்றால், இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றாக இருக்கும்படி செய்வது. எதைத் திருத்துவது என்பது, எதைத் திருத்துவது சுலபம் என்பதைப் பொறுத்தது. ஒரு முறை ஒரு பல் டாக்டருக்கு ஐயாயிரம் விளம்பரத் தாள் அடித்தோம். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் பிசகிவிட்டது. எங்கள் முதலாளி டாக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "நம்பரை மாத்திக்குங்க டாக்டர், அது சுலபம்" என்றார். டாக்டரும் மாற்றிக்கொண்டார். இன்றுவரை அந்த எண்ணில்தான் பல் பிடுங்குகிறார்.

குட்டி வீட்டில் கை வைத்தால் எல்லாம் பெயர்ந்து வரும். பெரிய வீட்டில் பசையே இல்லை. இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் மனைவி கடைக்குப் போனதும், அரை நாள் லீவு போட்டுவிட்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டேன். ரம்பம் பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். நான்கு நாற்காலி, பதினாறு கால்கள். அறுத்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீத்தூள் தண்ணீரால் பழைய மரநிறம் ஏற்றினேன். மேசையிலும் ஓர் அங்குலமும் கொஞ்சமும் எடுத்தேன். ஒரேயடியாக எல்லாவற்றையும் செய்தால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சிரமம் என்று வாரத்துக்கு ஒரு சாமான் என்று வைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு நான் அவர்களை நினைத்துப் பார்த்தேன்.

பீரோ நல்ல பீரோ. அதன் பாதக்கட்டைகள் சரியாக மூன்று அங்குலம்தான் இருந்தன, கழற்றினால் போதும். சமையல் மேடை கல், அதை இறக்க முடியாது. அதனால் தரையை ஒன்றரை அங்குலம் ஏற்றினேன். பலகை அடித்துவிட்டு, "கால் சில்லுனு இருக்காது பாரு" என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள். கூடம் நூற்றைம்பது அங்குல நீளம், குட்டியில் நூற்று நாற்பத்துநான்கு வருகிறது. கடைசிச் சுவருக்கு முன்னால் ஆறு அங்குலம் விட்டுப் பொய்ச்சுவர் ஒன்று கட்டி வெள்ளையடித்தேன். ஈரம் ஏறுகிறது என்று காரணம் சொன்னேன். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் என் பழைய புல்லாங்குழலை வைத்து மூடிவிட்டேன், அது அங்கே இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வாசல் திரைதான் கொஞ்சம் சங்கடம் கொடுத்தது. எழுபத்தைந்தை எழுபத்திரண்டாக்க வேண்டும். எனக்குத் தைக்க வராது. அவள் கையால் தைத்த திரையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, நான்கு தெரு தள்ளி இருக்கிற வேறொரு தையற்காரரிடம் போனேன். திரும்பி வரும்போது அவள் கடைத்தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வந்தேன். இந்த மூன்று மாதத்தில் என் மனச்சாட்சி குத்தியது அந்த ஒரு நாள்தான். அவளுக்குத் துரோகம் செய்துவிட்டதாகவே தோன்றியது.

எங்களைப் போல ஆள் பொம்மைகளையும் குட்டி வீட்டில் வைத்திருந்தேன். ஆளை அறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், நான் நியாயமான மனிதன். அவளுடைய வீட்டுச் செருப்பின் குதியை மட்டும் கொஞ்சம் சீவினேன்.

"அம்மாவைப் பத்தி எழுதுங்க" என்கிறாள் மகள். குரல் ஒரு மாதிரியாக இருக்கிறது.

முதலில் அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார ஆரம்பித்தாள். உட்கார்ந்த பிறகு கீழே ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு ஒரு நாள், "ஏங்க, இந்த வயசுலயும் ஆளு வளருவாங்களா?" என்று கேட்டாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "காத்து மாற்றமா இருக்கும்" என்றேன். சமையல் மேடைக்கு முன்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு இன்னும் குனிய வேண்டியிருக்கு" என்பாள். ஒரு மாலை வாசல் திரையைத் தன் டேப்பால் அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"இது நான் எழுபத்தஞ்சு வெச்சுத் தைச்சதுங்க. எழுபத்திரண்டு காட்டுது."

"உன் டேப்பு இழுத்திருக்கும்" என்றேன்.

இழுத்த டேப் குறைவாகத்தானே காட்டும், அதனால் நான் சொன்னது நல்ல பதில். அவள் உடனே நம்பினாள். அந்த நல்ல டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். அதுவும் எழுபத்திரண்டு என்றது. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினாள். அதுவும் அப்படியே. அப்போதுதான் அவள் கோளாறு டேப்பில் இல்லை, தன்னிடம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தாள். நான் அப்படிச் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தாள். "கண்ணு பிரமாதமா இருக்கும்மா. மனசுக்கு ஓய்வு வேணும்" என்றார். நான் கவலையோடு தலையாட்டினேன். கவலை நிஜம்தான், அன்று மதியம் முக்காலியை அறுக்கத் திட்டமிட்டிருந்தேன், நேரம் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கடையில் அவள் ஒவ்வொரு துணியையும் மூன்று முறை அளக்க ஆரம்பித்தாள். படியேறி வருகிறவர்களைப் பார்த்து அளவு சொல்வதை நிறுத்திவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அங்குலம் கூட்டி வெட்டினாள். பயந்து போய் அதற்கு மேலும் ஓர் அங்குலம் கூட்டினாள். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதும் அப்படியே போனது. பிள்ளைகள் கை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வகுப்பில் கை தூக்கினார்களாம். அந்தத் தலைமையாசிரியை கடைக்கே வந்து, மற்ற வாடிக்கையாளர்களுக்கு முன்னால், "உங்க கண்ண நம்பித்தானே கொடுத்தோம்" என்றாராம். அன்று சாயங்காலமே கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவள் கத்தரிக்கோலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினாள். பீரோவின் உச்சியில் வைக்கக் கையைத் தூக்கினாள். எப்போதும் முக்காலி போட்டுத்தான் அவளுக்கு அந்த உச்சி எட்டும். அன்று நின்றபடியே எட்டிவிட்டது. அவள் கையை அங்கேயே வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போடாமல், தோள் மட்டும் குலுங்க. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், தலையைப் பிடித்துவிட்டேன். "எனக்குப் புத்தி கலங்கிப் போச்சாங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்" என்றேன். செயலாளர் வர இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. சரியாகிவிடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்ததால்தான் அப்படிச் சொன்னேன்.

செயலாளர் வந்தார். வாசல் நிலையை நான் முந்தின வாரம்தான் இறக்கியிருந்தேன், அவர் நெற்றியில் இடித்துக்கொண்டார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டுக் குலுக்கினார். நாற்காலி, கட்டில், பீரோ, கூடம், சமையல் மேடை. ஒவ்வொன்றையும் மண்டி போட்டு அளந்தார். ஐந்துக்கு ஐந்து. மனிதர் வாயைப் பிளந்துவிட்டார். என் மனைவி டீ கொண்டுவந்தாள். அவர் அவளிடம், "அம்மா, உங்க வீட்டுக்காரர் கண்ணு சாதாரணக் கண்ணு இல்ல. இப்படி ஒரு துல்லியத்த நான் பாத்ததே இல்ல" என்றார். அவள் சிரித்தாள். உள்ளே போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து மகள் லீவுக்கு வந்தாள். மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதெல்லாம் அவளுக்கு ஒரே சமயத்தில் கிடைத்தது. வாசலில் இடித்துக்கொண்டாள். நாற்காலியில் விழுந்தாள். சமையலறைக்குள் தடுக்கினாள். "வீடு ஏம்மா இப்படிச் சுருங்கியிருக்கு?" என்று கேட்டாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கும் அப்படித் தெரியுதாடி?" என்று கேட்ட கேள்வியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் பிஸ்கட் டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, இது என்ன?"

"நாற்காலி."

"இது?"

"கட்டில். வலது பக்கம், தலைமாட்டுக் கால்."

அவள் டப்பாவைச் சாப்பாட்டு மேசை மேல் கொட்டினாள். துண்டுகள் உருண்டன. என் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நான் முழுவதையும் சொன்னேன். குப்பையில் எடுத்த டேப்பையும் கொண்டுவந்து காட்டினேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டேப்பின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, நீளமாக இழுத்து, கண்ணால் ஒரு முறை பார்த்தாள்.

"இருபத்தஞ்சுக்கு ஒண்ணு தின்னுது" என்றாள்.

டேப்போ பென்சிலோ இல்லாமல் சொன்னாள். சரியான கணக்கு. அவள் முகத்தில் ஏதோ ஒன்று திரும்பி வந்தது. பிறகு என்னைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகக் கேட்டாள்.

"இந்த வீட்டுல எல்லாத்தையும் இதே டேப்பாலதானே அளந்தீங்க?"

"ஆமா."

"அப்ப எல்லாமே ஒரே கணக்குலதானே குறைஞ்சிருக்கும்? உங்க குட்டி வீட்டுல தப்பே இல்லையேங்க. அது பன்னெண்டுல ஒண்ணு இல்ல, பன்னெண்டரையில ஒண்ணு. அவ்வளவுதான். சங்கத்துல பன்னெண்டரைன்னு சொல்லியிருந்தா ஒரு கால அறுத்திருக்க வேண்டாமே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. என் மனைவி பீரோ உச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். இப்போது அடுத்த அறையில் இருக்கிறாள். என் கால்சட்டைகள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, அளக்காமலே வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்துக்கு ஒன்று. சத்தம் ஒரே சீராகக் கேட்கிறது. நாளைக்குக் கடை திறக்கப் போகிறாளாம். நான் பொய்ச்சுவரைப் பிரிக்க வேண்டும், கண் டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், தலைமையாசிரியையிடம் இதன் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் ஒத்துக்கொண்டேன்.

"முடிச்சிட்டீங்களா?" என்கிறாள் மகள். "ஒண்ணு பாக்கி இருக்கு. அம்மா சொன்ன அந்தப் பன்னெண்டரைக் கணக்கு உங்களுக்குத் தோணவே இல்லையா? உண்மைய எழுதுங்க."

தோன்றியது. இரண்டு டேப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்கே, ஐந்து நிமிடத்தில் தோன்றியது. பேப்பரில் போட்டும் பார்த்தேன், சரியாக வந்தது. சங்கத்தின் விதியில் பன்னிரண்டரைக்கும் தடை ஏதும் இல்லை, அதையும் படித்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் குட்டி வீட்டின் முன்னால் வைக்கப் பெயர் அட்டை ஒன்று எழுதியிருந்தேன், "பன்னிரண்டில் ஒரு பங்கு" என்று, என் கையால், பூனைமுடித் தூரிகையால், நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து. இதுவரை நான் செய்ததிலேயே நன்றாக வந்தது அதுதான். பார்க்கிற யாரும் அதைத் திருத்தச் சொல்ல மாட்டார்கள். "அரை" என்று சேர்க்க அதில் கொஞ்சம் இடம் மட்டும் இருந்திருந்தால், நான் இந்த வீட்டில் எதையுமே தொட்டிருக்க மாட்டேன்.